கடியாரத்தில் விழுந்த மனிதர்கள்

தசரதன் அந்தப் பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அதைக் கடியாரம் என்றுதான் சொன்னான். அவன் மனைவி பாஞ்சாலையும் அப்படித்தான் நம்பினாள். உள்ளங்கை அகலம், வெள்ளி நிறத் தகடு, நடுவில் சின்னதாக ஒரு கண்ணாடி, அதற்குள் கறுப்பு எண்களில் மணி. முள் கிடையாது, சாவி கொடுக்க வேண்டாம், டிக்டிக் என்ற சத்தமும் இல்லை. அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில், சுவரோடு சாய்த்து வைத்தார்கள். பதினைந்து நாள் அது அங்கே கடியாரமாகவே இருந்தது.

அது எண்பத்தோராம் வருஷத்துத் தை மாதம். தசரதன் வாடகை டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தான். வண்டி முதலாளியுடையது, பழைய அம்பாசடர். ஊர் மலையடியில் இருந்த ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களை மெட்ராஸ் மீனம்பாக்கத்தில் இறங்கியதும் ஏற்றிக்கொண்டு வருவது, திரும்பிப் போகும்போது கொண்டுபோய் விடுவது, இதுதான் பெரும்பாலும் அவனுக்கு வேலை. நாலு மாதம் செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரன், ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் தன்னிடம் இருந்ததையெல்லாம் ஒவ்வொருவருக்காகக் கொடுத்துவிட்டான். கம்பளி யாருக்கோ போனது, ரேடியோ யாருக்கோ போனது. விமான நிலைய வாசலில் பையைத் துழாவி மிச்சமிருந்த இந்தப் பொருளை எடுத்துத் தசரதன் கையில் வைத்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டான். என்ன ஏது என்று கேட்கத் தசரதனுக்கு இங்கிலீஷும் இல்லை, நேரமும் இல்லை.

அந்த வீட்டில் அப்போது பேச்சு குறைவு. பாஞ்சாலை அவலூர்ப்பேட்டைப் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலை போடும் கொல்லைக்காரர்கள் வீட்டுப் பெண். எழுபத்து நாலில் கல்யாணமாகி வந்தவள். மூன்று வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறக்கும்போதே மூச்சில்லை. அன்றைக்குத் தசரதன் திருப்பதிக்குச் சவாரி போயிருந்தான். அவன் வந்து சேர்வதற்குள் குழந்தையைப் புதைத்துவிட்டார்கள். அவன் வீட்டுக்குள் வந்து அவள் படுத்திருந்த பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். என்ன சொல்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, காரைக் கழுவப் போய்விட்டான். பாஞ்சாலைக்கு அது ஆறவே இல்லை. ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்பது அவள் மனசில் முள்ளாக நின்றது. சண்டை போட்டிருந்தாலாவது தீர்ந்திருக்கும். அவளும் போடவில்லை, அவனும் போடவில்லை. சோறு போட்டாச்சு, சட்டை துவைச்சாச்சு, எப்போ வருவீங்க என்ற அளவில் நாலு வருஷம் ஓடிப்போனது. அதற்குப் பிறகு அவள் வயிற்றில் எதுவும் தங்கவும் இல்லை.

மாட்டுப் பொங்கல் கழிந்து இரண்டு வாரம் போல ஆன ஒரு காலையில் பாஞ்சாலை சாமி மாடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கடியாரத்தைத் துணியால் அழுத்தித் துடைத்தபோது ஏதோ பொத்தான் அமுங்கியது. மணி மறைந்தது. கண்ணாடிக்குள் ஒரு மாடி வீடு எரிய, அதன் உச்சியிலிருந்து ஒரு குட்டி மனிதன் குதித்தான். கீழே இரண்டு பேர் ஒரு துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்கள். குதித்தவன் தரையில் விழுந்தான். பீப் என்று ஒரு சத்தம். அடுத்தவன் குதித்தான்.

தசரதன் பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தான். அவள் அதைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடினாள்.

"ஏங்க, கடியாரத்துல ஆளுங்க விழுறாங்க."

நாலு வருஷத்தில் அவள் தானாக வந்து அவனிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று சொன்னால் மிகையில்லை. அவன் ஈரத் துண்டோடு வந்து பார்த்தான். இருவரும் தலைகள் முட்ட அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது ஆள் விழுந்ததும் எல்லாம் நின்றுபோனது.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் ஆட்டத்தின் நெளிவுசுளிவு இருவருக்கும் பிடிபட்டுவிட்டது. இடது பக்கம் ஒரு பொத்தான், வலது பக்கம் ஒரு பொத்தான். அவற்றை அமுக்கினால் துணி பிடித்தவர்கள் அந்தந்தப் பக்கம் நகர்வார்கள். குதிப்பவன் துணியில் விழுந்தால் எகிறுவான். மூன்று தரம் எகிறினால் அந்தக் கோடியில் நிற்கும் வண்டியில் போய் ஏறிக்கொள்வான். ஒவ்வொரு தரம் தாங்கும்போதும் மேலே ஒரு எண் ஏறும். மூன்று பேரைத் தவறவிட்டால் ஆட்டம் முடிந்தது. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் ஆட்டப் பொத்தானை விடாமல் அமுக்கிப் பிடித்தால், அதுவரைக்கும் எடுத்ததிலேயே பெரிய எண் எதுவோ அது தெரியும். ஆட்டப் பொத்தான் இரண்டு இருந்தன. கீழே இருந்ததைத் தொட வேண்டாம் என்று தசரதன் சொல்லிவிட்டான். அதை அமுக்கினால் செல் சீக்கிரம் தீர்ந்துவிடுமாம். பாஞ்சாலை அதைத் தொடவே இல்லை.

வீட்டில் இருந்த இன்னொரு ஆள் தசரதனின் அம்மா சந்திரம்மாள். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. மகனும் மருமகளும் ஆளுக்கு ஒரு தரம் வாங்கி வாங்கி ஆடுவதைப் பார்த்துவிட்டு, பேரைப் பாஞ்சாலைனு வச்சாங்க, சூது வூடு தேடி வந்துடுச்சு என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாள். ஆனால் அவளே ஒரு நாள், மருமகளின் சிரிப்புச் சத்தம் கேட்டு, அடுப்பில் இருந்த குழம்பை மறந்து வாசல்படியில் நின்றுவிட்டாள். அந்த வீட்டில் பாஞ்சாலை சிரித்து அவள் கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது.

முதலில் தசரதன்தான் முந்தினான். நூற்றிருபது, நூற்றைம்பது என்று ஏறிக்கொண்டே போனான். பங்குனி வாக்கில் பாஞ்சாலை அவனைத் தாண்டினாள். அதற்குப் பிறகு அவனால் அவளை எட்டவே முடியவில்லை. அவள் முன்னூறு எடுத்தால் அவன் இருநூற்றுத் தொண்ணூற்றாறில் விழுவான். அவள் நானூற்றுப் பத்து என்றால் அவன் நானூற்றேழு. கிட்டே வருவான், விழுந்துவிடுவான். பத்து வருஷமாக ஸ்டியரிங் பிடித்த கைக்கு இதுகூட வரவில்லையே என்று அவள் கேலி செய்வாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்பான். உள்ளூர்ச் சவாரி உள்ள நாட்களில் அந்த ஆட்டப் பொட்டி வீட்டில் இருக்கும். மெட்ராஸ், பெங்களூர் என்று நீண்ட சவாரி போகும்போது அவன் எடுத்துக்கொண்டு போவான். திரும்பி வந்ததும் அவள் முதல் வேலையாக அதை வாங்கி, மேல் பொத்தானை அமுக்கிப் பார்ப்பாள். தன் எண் அப்படியே இருக்கும். அப்போது அவளுக்கு வாய் திறந்துகொள்ளும். சாப்பாடு போட்டுக்கொண்டே வீட்டுக் கதை, தெருக் கதை, அம்மா வீட்டுக் கதை எல்லாம் சொல்வாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பான்.

ஒரு நாள் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, அந்தக் குழந்தையைப் பற்றியும் அவள் சொன்னாள். தலை நிறைய முடி இருந்தது என்றாள். அவன் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அவன் குழந்தையைப் பார்க்கவில்லை அல்லவா. மூக்கு யாரைப் போல இருந்தது என்று கேட்டான். உங்களைப் போல என்றாள். அன்றைக்கு இருவரும் உட்கார்ந்து அழுதார்கள். சந்திரம்மாள் பார்த்தும் பாராதது போலக் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள்.

அப்படி மூன்றரை வருஷம். பாஞ்சாலை தன் வாழ்க்கையில் நன்றாக இருந்த காலம் என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வாள்.

எண்பத்து நாலு ஆவணியில் ஒரு காலை. தசரதனுக்கு மீனம்பாக்கம் சவாரி. சாயங்காலம் வந்திறங்கும் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு பொட்டியைத் தேடினான். மாடத்தில் இல்லை. அலமாரியில் இல்லை. முந்தின நாள் பாஞ்சாலை ஐந்நூற்றுப் பதினேழு எடுத்திருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் விளையாட்டாக அதை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தாள். அவன் பாயைத் தூக்கிப் பார்த்தான், துணி மூட்டையைக் கலைத்தான். அவள் கதவில் சாய்ந்துகொண்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. அவனும் சிரித்தான். வாசலில் முதலாளி வீட்டு ஆள் ஆரன் அடித்தான்.

"சரி, நீயே வச்சிக்கோ. வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

விமானம் வரவில்லை. நேரம் தள்ளித் தள்ளிப் போய் விடியற்காலையில்தான் வந்ததாம். அதுவரை அவன் விமான நிலையத்துக்கு வெளியே வண்டியிலேயே காத்திருந்திருக்கிறான். பயணிகளுக்கு அவசரம். ஏற்றிக்கொண்டு உடனே கிளம்பிவிட்டான். திண்டிவனம் தாண்டினான். செஞ்சிக்கு இந்தப் பக்கம், நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, ஓரமாக நிறுத்தியிருந்த கரும்பு லாரியின் பின்னால் வண்டி போய் மோதியது. பின்னால் இருந்த இருவருக்கும் காயம்தான். தசரதன் அங்கேயே போய்விட்டான். பிரேக் போட்ட தடமே ரோட்டில் இல்லை, கண் அசந்திருப்பான் என்று போலீசில் சொன்னார்கள்.

செய்தி வந்தபோது பாஞ்சாலை அரிசி அளந்துகொண்டிருந்தாள்.

அந்தப் பதினாறு நாளும் அவள் அழவில்லை. ஊர்ப் பெண்கள் வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் மரம் போல உட்கார்ந்திருந்தாள். அழாமல் இருந்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும் என்று பயந்து, அவள் அண்ணன் அவள் கன்னத்தில் லேசாகத் தட்டிக்கூடப் பார்த்தான். பயனில்லை.

காரியம் முடிந்த அன்றைக்கு அர்ஜுனன் வந்தான். அவனும் டாக்சி ஓட்டுகிறவன். தசரதனோடு ஒரே ஸ்டாண்டில் வண்டி போட்டவன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, சந்திரம்மாளிடமும் பாஞ்சாலையிடமும் சொல்லிக்கொண்டு கிளம்ப நின்றான். துக்க வீட்டில் எதையாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டுமே என்று ஆரம்பித்தான்.

"அண்ணன் தூங்கி வண்டி ஓட்டுற ஆளே இல்ல அண்ணி. அங்க எவ்ளோ நேரம் ஆனாலும் அந்தப் பொட்டிய வச்சி ஆடிகினே முழிச்சிருப்பாரு. அன்னிக்குப் பொட்டிய எடுத்துனு வரல போலருக்கு."

பாஞ்சாலை நிமிர்ந்து பார்த்தாள். அவன் தான் என்ன சொன்னோம் என்று அறியாமல் மேலே பேசிக்கொண்டு போனான். மீனம்பாக்கத்தில் எல்லா டிரைவர்களும் தசரதனைச் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்களாம். கீழ்ப் பொத்தானை அமுக்கினால் வருகிற வேக ஆட்டத்தில் அவனை அடிக்க ஆளில்லையாம். எண்ணூறு தாண்டிப் போவானாம்.

அவருக்கு அவ்வளவு வராது, என்னையே அவரால் தாண்ட முடியவில்லை என்று பாஞ்சாலை மெதுவாகச் சொன்னாள்.

அர்ஜுனன் கொஞ்சம் தயங்கினான். பிறகு சொல்லிவிட்டான். "நாங்களும் கேட்டோம் அண்ணி, வூட்ல ஏன் தோக்கறனு. அவ ஜெயிச்சா ரெண்டு நாளைக்கு நல்லா பேசறாப்பா, அதுக்கோசரம் விட்டுக் குடுத்துடறதுனு சொல்வாரு."

அவன் போன பிறகு பாஞ்சாலை எழுந்து அரிசிப் பானையிடம் போனாள். பதினாறு நாளாக அந்தப் பானையை யாரும் தொடவில்லை. காரியத்துக்கு அரிசி வெளியிலிருந்து வந்திருந்தது. கையை விட்டு எடுத்தாள். அரிசி மாவு படிந்திருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு மேல் பொத்தானை அமுக்கிப் பிடித்தாள். ஐந்நூற்றுப் பதினேழு. அவளுடையது. பிறகு, மூன்றரை வருஷத்தில் ஒரு தடவையும் தொடாத அந்தக் கீழ்ப் பொத்தானை அமுக்கிப் பிடித்தாள்.

எண்ணூற்று அறுபத்தொன்று.

விரலை எடுக்காமல் ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். எடுத்தால் ஆட்டம் தொடங்கிவிடும். கடைசியில் விரல் வலித்து எடுத்தபோது ஆட்கள் வேகவேகமாகக் குதித்தார்கள். அவள் அவர்களைப் பிடிக்கவில்லை.

பொட்டியை ஒளித்து வைத்தது தான்தான் என்பதை அவள் யாரிடமும் சொல்லாமல் ஒரு மாதம் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போனது. ஒரு நாள் சந்திரம்மாள் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாஞ்சாலை எதிரில் போய் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பானையில் புதைத்ததை, அவன் தேடியதை, ஆரன் அடித்ததை. பெற்றவள் என்ன சொன்னாலும், தலைமுடியைப் பிடித்து வெளியே தள்ளினாலும் வாங்கிக்கொள்வது என்று இருந்தாள்.

சந்திரம்மாளின் கை கீரையை உருவிக்கொண்டே இருந்தது. ஒரு கொத்து முடிந்து இன்னொரு கொத்தை எடுத்தாள். பிறகு கேட்டாள்.

"தேடும்போது சிரிச்சானா?"

"சிரிச்சாரு அத்த."

"அப்ப சரி" என்றாள் சந்திரம்மாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவள் சாகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குக் கீரைச் சோற்றைப் பிசைந்து மருமகள் கையில் மூன்று உருண்டை வைத்தாள்.

மறு வருஷம் அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில் பாஞ்சாலைக்குச் சத்துணவு சமைக்கும் வேலை கிடைத்தது. காலையில் பஸ் ஏறிப் போய், நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்கு வடித்துக் கொட்டிவிட்டு, மூன்று மணிக்குத் திரும்புவாள். வந்ததும் முகம் கழுவிவிட்டு ஒரு தடவை கீழ்ப் பொத்தானை அமுக்கி அந்த எண்ணைப் பார்ப்பாள். ஆட மாட்டாள். தவறிப்போய்க்கூட அதற்கு மேல் ஒரு எண் ஏறிவிடக்கூடாது என்று பயம். தனக்கு அவ்வளவு வராது என்று தெரிந்தும் பயம்.

அந்த ஐப்பசியில் எண்கள் மங்க ஆரம்பித்தன. நேராகப் பார்த்தால் தெரியாது. சாய்த்துப் பிடித்தால்தான் நிழல் போலத் தெரியும். தேரடித் தெருவில் சகாதேவன் என்பவர் வாட்ச் கடை வைத்திருந்தார். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருப்பார். அவள் பொட்டியை அவரிடம் கொடுத்தாள். செல் தீர்ந்துபோச்சு, மாற்றிவிடலாம் என்றார். மூடியைக் கழற்றப் போனவரிடம், உள்ளே இருக்கிற எண் அப்படியே இருக்குமா என்று கேட்டாள். செல்லைக் கழற்றினால் எல்லாம் அழிந்துவிடும், புதுசாகத் திரும்ப ஆட வேண்டியதுதான் என்றார் அவர். அவள் பொட்டியைப் பிடுங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டாள். ஆனால் கடையை விட்டு நகரவில்லை.

என்னம்மா விஷயம் என்று அவர் கேட்டார். சொன்னாள். கதையாகச் சொல்லவில்லை, இது என் வீட்டுக்காரர் எடுத்தது, அவர் இப்போ இல்லை என்ற அளவில் சொன்னாள். சகாதேவன் பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு யோசித்தார். ஒரு வழி இருக்கிறது என்றார். பழைய செல் உள்ளே இருக்கும்போதே வெளியிலிருந்து இரண்டு ஒயரை வைத்துப் புதுச் செல்லின் கரண்டைக் கொடுத்துக்கொண்டே, பழசை எடுத்துவிட்டுப் புதுசைப் போட்டுவிடலாம். ஆனால் அதற்கு நாலு கை வேண்டும். தவறினால் போச்சு. சும்மா விட்டாலும் இரண்டு நாளில் தானாகவே போய்விடும்.

பாஞ்சாலை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வலது கை ஒயரை அவள் பிடித்தாள், இடது கை ஒயரையும் அவளே பிடித்தாள். அவர் சின்ன இடுக்கியால் பழைய செல்லை நெம்பினார். ஒன்று வந்துவிட்டது. புதுசு உட்கார்ந்தது. இன்னும் ஒன்றுதான். இரண்டாவது செல்லை நெம்பும்போது அடியில் இருந்த தகட்டுச் சுருள் துள்ளி, அவள் பிடித்திருந்த ஒயரின் நுனியைத் தட்டிவிட்டது. கண் இமைக்கும் நேரம். அவள் உடனே திரும்ப வைத்துவிட்டாள்.

கண்ணாடி வெறிச்சென்று ஆனது. பிறகு பளிச்சென்று புது எண்கள் வந்தன. மணி பன்னிரண்டு என்று காட்டியது. அவள் கீழ்ப் பொத்தானை அமுக்கிப் பிடித்தாள். சைபர். மேல் பொத்தானிலும் சைபர். அவளுடைய ஐந்நூற்றுப் பதினேழும் அதோடு போயிருந்தது.

சகாதேவன் இடுக்கியைக் கீழே வைத்தார். என் தப்புதாம்மா என்றார். இல்லீங்க, என் கைதான் என்றாள் அவள். பிறகு, சரியான மணியை வைத்துக் கொடுக்கச் சொன்னாள். அவர் வைத்துக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்துவிட்டார். அவள் அதைக் கொண்டுபோய் மாடத்தில் பழையபடி சாய்த்து வைத்தாள். அதற்குப் பிறகு அது வெறும் கடியாரம்தான்.

சகாதேவன் அதை மறக்கவில்லை. வாட்ச் சாமான் வாங்க மாதம் ஒரு தரம் மெட்ராஸ் போகிறவர், பர்மா பஜாரில் கடை கடையாகத் தேடியிருக்கிறார். எண்பத்தாறு கோடையில் ஒரு நாள் வீடு விசாரித்துக்கொண்டு வந்து, காகிதத்தில் சுற்றிய ஒன்றை நீட்டினார்.

"அதே ஆட்டம்தாம்மா. அந்தக் கம்பெனிக்காரனே திரும்பப் போட்டுருக்கான். கண்ணாடி பெருசு, கலர்கூட இருக்கு."

பழசு வெள்ளி நிறம். இது மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. கண்ணாடி ஒன்றரைப் பங்கு பெரியது. வீடு எரியும் நெருப்பு இதில் சிவப்பாகவே தெரிந்தது. துணி பிடித்தவர்களுக்குத் தொப்பி வந்திருந்தது. பாஞ்சாலைக்கு வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. அந்த மனுஷர் வெயிலில் நடந்து வந்திருந்தார்.

முதலில் சும்மா வைத்திருந்தாள். பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கீழ்ப் பொத்தானை அமுக்கினாள். எண்ணூற்று அறுபத்தொன்று என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. முதல் நாள் இருபத்து மூன்றில் விழுந்தாள். ஒரு மாதத்தில் நூறு தொட்டாள். வேக ஆட்டத்தில் ஒரே நேரத்தில் நாலு பேர் அந்தரத்தில் இருப்பார்கள். ஒருவனைத் தாங்கப் போனால் இன்னொருவன் தரைக்கு வந்துவிடுவான். கண் எரிந்தது, கட்டைவிரல் மரத்தது. ஒன்றரை வருஷம் விடாமல் ஆடியும் முன்னூற்று நாற்பதைத் தாண்ட அவளால் முடியவில்லை. புதுசில் வேகம் கொஞ்சம் ஜாஸ்தி, பழசோடு ஒப்பிடக்கூடாது என்று சகாதேவன் சொன்னார். அது உண்மையோ ஆறுதலோ, அவளுக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று அவளுக்குத் தெரிந்தது. அந்த எண்ணை எட்ட எத்தனை நாள் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று இப்போது அவள் விரலுக்கே தெரியும். மீனம்பாக்கத்தின் வெயிலில், பெங்களூர் பஸ் ஸ்டாண்டின் பனியில், யார் யாருக்காகவோ அந்த மனுஷன் அவ்வளவு நேரம் காத்துக் கிடந்திருக்கிறான். குழந்தை பிறந்த அன்றைக்கும் திருப்பதியில் அப்படித்தானே எங்கேயோ காத்துக்கொண்டிருந்திருப்பான். வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாமல், சாமி கும்பிடப் போனவர்கள் வரட்டும் என்று, செருப்புகளைப் பார்த்துக்கொண்டு. நாலு வருஷம் பேசாமல் இருந்தோமே என்று அவளுக்கு அப்போதுதான் முழுசாக வலித்தது. அன்றைக்குப் புதுப் பொட்டியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப்போய்ச் சகாதேவனிடமே கொடுத்தாள். உங்க பேத்திக்குக் குடுங்க என்றாள்.

எண்பத்தெட்டில் கார்த்திகை தீபத்தன்று பள்ளிக்கூடம் விடுமுறை. சந்திரம்மாளுக்கு மூட்டு வலி, வெளியே வர முடியாது. நீயாவது போய்த் தீபம் பாத்துட்டு வா என்று மருமகளை அனுப்பினாள். பாஞ்சாலை சாயங்காலம் தேரடித் தெரு வழியாகக் கூட்டத்தோடு நடந்தாள். வளையல் கடை, பொரிக் கடை, பாத்திரக் கடை. ஒரு மூலையைத் தாண்டும்போது அந்தப் பீப் சத்தம் கேட்டது. முதலில் தன் காதுதான் என்று நினைத்தாள். இன்னொன்று கேட்டது. பிறகு பத்து, இருபது.

தரையில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு ஒருவன் கடை பரப்பியிருந்தான். பச்சை, நீலம், ரோஸ் நிறங்களில் நூற்றுக்கணக்கான பொட்டிகள். லேசான பிளாஸ்டிக், ஓரமெல்லாம் பிசிறு. எந்த நாட்டுச் சரக்கோ, எந்தக் கம்பெனியோ, பேர் இல்லை. ஒவ்வொன்றிலும் அதே வீடு எரிந்தது. அதே மனிதர்கள் குதித்தார்கள். ஆட்கள் குனிந்து எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்கள். இத்தனை வருஷம் இந்த ஊரில் தன் வீட்டுக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த சத்தம், இப்போது செருப்புக் கடைக்கும் பொரிக் கடைக்கும் நடுவே தெருவில் கிடந்தது.

கடைக்காரன் ஒன்றைக் கையில் வைத்து ஆடிக் காட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆட வரவில்லை. பேச்சு ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம். ஒருவன் விழுந்தான். இன்னொருவன் விழுந்தான். மூன்றாவது ஆள் துணிக்குப் பக்கத்திலேயே வந்து விழுந்தான்.

பாஞ்சாலை நிற்பதைப் பார்த்து, ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினான். "எடுத்துனு போம்மா. வூட்ல புள்ளைங்களுக்குக் குடு."

"எங்க வூட்ல ஆடுறவரு இல்லப்பா" என்றாள் பாஞ்சாலை.

அங்கிருந்து அவள் பத்தடி நடந்திருப்பாள். மலை உச்சியில் தீபம் ஏற்றிவிட்டார்கள். தெரு முழுக்க ஒரே குரலாக அரோகரா என்றது. லட்சம் கைகள் மேலே எழுந்தன. அந்த இரைச்சலின் நடுவில் பாஞ்சாலைக்கு அடிவயிற்றிலிருந்து அழுகை கிளம்பியது. நாலு வருஷமாக வராத அழுகை. அவள் வாயைப் பொத்தவில்லை. ஒரு மூடிய கடையின் கதவைப் பிடித்துக்கொண்டு, குரல் இருக்கும்வரை அழுதாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அந்த ஊரில் அழுகிறவர்கள் நிறையப் பேர். பக்கத்தில் நின்ற ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே, கொடுத்து வச்சவங்கம்மா நாம என்று அவளைப் பார்த்துச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தபோது சந்திரம்மாள் வாசலில் அகல் விளக்குகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். மருமகளின் வீங்கிய முகத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"தீபம் பாத்தியா?"

"பாக்கல அத்த."

சந்திரம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, உட்கார் என்று படியில் பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். பாஞ்சாலை உட்கார்ந்தாள். தெருவில் கும்பல் கும்பலாக ஜனங்கள் மலை சுற்றப் போய்க்கொண்டிருந்தார்கள்.